இரண்டாம் தடவை கேட்டால்

அந்த பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது பசை காய்ச்சுவதையும் அல்ல, தாள் மடிப்பதையும் அல்ல. கட்டிங் மிஷின் பக்கத்தில் போய் நின்றால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான். கட்டிங்காரர் கத்தியை இறக்கும் முன் "சரியா?" என்று ஒரு தடவை கேட்பார். புத்தகக் கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கையை எடுத்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். கத்தி இறங்கும். ஆனால் அவர் இன்னொரு தடவை "சரியா?" என்று கேட்டுவிட்டால், எதையோ தப்பாகப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓரடி பின்னால் போய் "இல்ல" என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகவே இருந்தாலும் "இல்ல"தான். அதில் வாதத்துக்கு இடமில்லை.

இந்த வழக்கம் வரக் காரணமானவர் இன்னும் அதே கடையில் பசை தடவிக்கொண்டிருக்கிறார். அவரை எல்லோரும் 'எட்டு' என்று கூப்பிடுவார்கள். மிச்சம் இருக்கிற விரல்களின் எண்ணிக்கை அது. அந்தப் பேரை அவரே தனக்கு வைத்துக்கொண்டார், பிறர் வைக்கும் முன் நாமே வைத்துக்கொள்வது மரியாதை என்று. அவர் விரல் போன அன்று நாலு பேர் "ஏய், ஏய்" என்று கத்தினார்களாம். அந்தக் கடையில் யாராவது எப்போதும் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். டீ வந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டாராம். கத்தினால் மனிதன் திரும்பிப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்டால்தான் தன் கையைப் பார்க்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

கட்டிங்காரரின் மனைவிக்கும் அங்கேதான் வேலை. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு குவியல்களாக ஃபாரங்கள், அதாவது மடித்த அச்சுத் தாள்கள், இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் ஒரு புத்தகம். அடுக்குக்காரி என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று அவள் எண்ணுவதில்லை, எண்ணினால் கால் வலிக்கும் என்பாள். அவர்களுடைய ஒரே பெண் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அந்த மேசைக்கு அடியில், கத்தி சீவித் தள்ளிய தாள் குவியலில் படுத்து வளர்ந்தவள். ஆளும் ஒல்லி. அதனால் 'சீவல்' என்று பேராகிவிட்டது. மேசைக்கு அடியில் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே கட்டிங் மிஷினின் மோட்டார். அது ஓடினால் தரை அதிரும், அவள் தொடையும் அதிரும்.

சீவல் பேச ஆரம்பித்ததே மூன்று வயது தாண்டி. மோட்டார் சத்தத்தில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. கண்ணைக் காட்டுவார்கள், விரலைக் காட்டுவார்கள், ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு புத்தகத்தில் ஏழாவது ஃபாரம் விட்டுப்போயிருந்தால் அவள் விளிம்பைத் தடவிப் பார்த்தே எடுத்து வைத்துவிடுவாள். புத்திசாலி என்றுதான் தாய் நினைத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா?

ஐந்து வயதானதும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பரீட்சை வைத்தார்கள். பெற்றோர் வெளியே, பிள்ளை உள்ளே, கதவு சாத்தியாயிற்று. அரை மணி நேரத்தில் சோதிக்கிற டீச்சர் வெளியே வந்து, அடுக்குக்காரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியான பெண்மணிதான். குரலைத் தணித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க பொண்ணுக்குக் கேக்குறது புரிய மாட்டேங்குதும்மா. பூனை எதுன்னா பூனைப் படத்தைத்தான் காட்டுறா. அதையே இன்னொரு தடவை கேட்டா நாயைக் காட்டுறா. சின்னது எதுன்னா சின்னதை எடுக்குறா, திருப்பிக் கேட்டா பெருசை எடுக்குறா. ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்குறா."

"ஏன் மேடம் ரெண்டு தடவை கேக்குறீங்க?"

"குருட்டாம்போக்குல சொல்லுதா, தெரிஞ்சு சொல்லுதான்னு பாக்கத்தான். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். ரெண்டாவது பதிலைத்தான் எழுதணும்."

காது நன்றாகக் கேட்கிறதா என்று டீச்சர் விசாரித்தார். வீட்டில் யார் பேசுவீர்கள், எவ்வளவு பேசுவீர்கள் என்று கேட்டார். மொழியும் புத்தியும் கூடவே வளர்கிறவை, ஒன்று பின்தங்கினால் மற்றதையும் இழுத்துப் பிடிக்கும், அதனால் பிள்ளையிடம் நிறையப் பேச வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போதும் இப்படியே என்றால் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய சின்ன வகுப்பில் ஒரு வருஷம் இருக்கட்டும் என்றார். சின்ன வகுப்பு பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். கடை முதலாளியோ அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று அட்டையில் எழுதியே மாட்டிவிட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவள் வேலையை விட வேண்டியதுதான். ஆனால் திரும்பி நடந்து வரும்போது அவளுக்கு வேலை ஞாபகம் இல்லை. என் பிள்ளைக்கு மூளையில் ஏதாவது குறையா, அதை நான்தான் அந்தச் சத்தத்தில் போட்டுக் கெடுத்தேனா என்ற ஒரே நினைப்பு. 

வீட்டுக்கு வந்ததும் பழைய பாடப் புத்தகத்தைத் திறந்து பூனை எது என்று கேட்டாள். சரியாகக் காட்டினாள் சீவல். நாய், மாடு, வாளி, குடை, எல்லாம் சரி. அடுக்குக்காரிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இங்கே தெரிவது அங்கே ஏன் தெரியாமல் போகிறது? டீச்சரைப் பார்த்து மிரண்டிருக்கும், விடு என்றார் கட்டிங்காரர். மிரளுகிற பிள்ளை முதல் தடவை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும் என்றாள் அவள்.

சரி, டீச்சர் சொன்னபடி பேசித்தான் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். "இப்ப அம்மா வெங்காயம் உரிக்கிறேன். வெங்காயம் உரிச்சா கண்ணு எரியும். இது தண்ணி. தண்ணிய இப்ப ஊத்தப் போறேன்." இப்படி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம். மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குளித்துவிட்டு வந்த கட்டிங்காரர், உள்ளே யார் வந்திருக்கிறார்கள் என்று சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். சீவல் அம்மாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

விஷயம் பிடிபட்டது ஐந்தாம் நாள் காலையில், ஒரு முட்டையால்.

அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை என்று தாய் கேட்டாள். மூணு என்றாள் சீவல். சரியான பதில். அதே சமயம் குளியலறையிலிருந்து அப்பா, தனக்கும் ஒன்று உண்டா என்ற கவலையில், "எத்தனை முட்டை?" என்று குரல் கொடுத்தார். சீவல் சட்டென்று இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஓரடி பின்னால் போனாள். "இல்ல" என்றாள்.

கையிலிருந்த கரண்டியை அடுக்குக்காரி அப்படியே பிடித்தபடி நின்றாள். அந்தக் கையை, அந்த ஓரடியைத் தினமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இவ்வளவு நாளும் கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். முட்டை வெடித்துவிட்டது.

கட்டிங்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நம் பெண் கடை வழக்கத்தை எவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்கிறாள், வேலைக்கு வருகிற பெரியவர்களுக்கே ஆறு மாதம் ஆகிறது என்று மார்தட்டிக்கொண்டார். அதெல்லாம் சரி, அந்த டீச்சரிடம் யார் போய் இதை விளக்குவது என்றாள் மனைவி. கத்தியும் விரலும் என்று பேச ஆரம்பித்தால் பிள்ளையை எங்கே வைத்து வளர்க்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். அதைவிட பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

சொல்லிக்கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

"டீச்சர் எத்தனை தடவை கேட்டாலும் மொதல்ல சொன்னதையே சொல்லணும். சரியா?"

"சரி."

"புரிஞ்சுதா? சரியா?"

"இல்ல."

தாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சீவல் யோசித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த டீச்சருக்குப் பூனை எதுன்னு தெரியாதா?"

"தெரியும்டி."

"அப்ப ஏன் கேக்குறாங்க?"

"உனக்குத் தெரியுமான்னு பாக்க."

"அதான் ஒரு தடவை சொன்னேன்ல. நான் சொன்னதை அவங்க நம்பலையா?"

தெரிந்ததையே ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? பதில் சொன்ன பிறகும் ஏன் கேட்க வேண்டும்? யோசிக்க யோசிக்க அடுக்குக்காரிக்கே அது மரியாதை கெட்ட வேலையாகத்தான் பட்டது. குழந்தைக்குப் புரியவில்லையா, நமக்குத்தான் புரியவில்லையா என்று குழம்பிப்போனாள்.

கடைசியில் நடித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டில் கட்டிங்காரர் டீச்சர். அடுக்குக்காரி பிள்ளை. "பூனை எது?" "இது." "பூனை எது?" "இதுதான்." "இது சின்னதா?" "ஆமா." "சின்னதா?" "ஆமா." சீவல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்ப்பாள். அவள் முறை வரும்போது சில நாள் அதே பதிலைச் சொன்னாள், சில நாள் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? ஆனால் அவளுடைய தாய் மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தாள். புருஷன் எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில், அதே வேகத்தில்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையிலிருந்தே மழைக்காற்று. ஈரக் காற்று பட்டால் தாள் உப்பும். அடுக்கினால் நிற்காமல் வழுக்கும். மிஷினில் கட்டுப் பிடிக்கிறவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக அடுக்குக்காரியைப் போய் நிற்கச் சொன்னார் முதலாளி. புதிதல்ல, எத்தனையோ முறை நின்றவள்தான். சீவல் வழக்கம் போல மேசைக்கு அடியில். மதியம் வரை ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக்கு விடப் பத்து நிமிஷம் இருக்கும். அடுக்குக்காரி புத்தகக் கட்டைத் தட்டி நேராக்கி உள்ளே தள்ளினாள். "சரியா?" என்றார் கட்டிங்காரர். "சரி" என்று கையை எடுத்தாள். எடுத்தவள், மேல் புத்தகத்தின் மூலை ஒன்று வழுக்கி வெளியே வருவதைப் பார்த்து, தன்னை அறியாமல் கையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். அவர் பார்த்துவிட்டார்.

"சரியா?"

"சரி."

அதே பதில், அதே வேகத்தில்.

'சரி' என்று காதில் விழுந்தால் மிதியை அழுத்திப் பழகிய கால் அவருடையது. பாதி அழுத்திவிட்டது. கத்திக்கு முன்னால் புத்தகக் கட்டை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பலகை இறங்கி அவள் விரல் நுனியை நசுக்கியது. கத்தி இறங்கவில்லை. அதற்குள் காலை உதறி எடுத்து, மோட்டாரை நிறுத்தி, பலகையைத் தூக்கிவிட்டார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டுதான் பசைத் தட்டை வைத்துவிட்டு வந்தார். அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.

"பத்து இருக்கு" என்றார். "ரெண்டு நகம் கறுத்துப் போகும். போகட்டும்."

மேசைக்கு அடியிலிருந்து சீவல் வெளியே வந்து நின்றாள். நின்றுபோன மோட்டாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. கட்டிங்காரர், நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார்.

"பள்ளிக்கூடம் இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம். வெரல் அடுத்த வருஷம் மொளைக்குமா? நாம அவளுக்குச் சொல்லிக் குடுத்தது தப்பு. பத்து நாள்ல உனக்கே மறந்துபோச்சு பாத்தியா?"

"அவ என்ன காலம் பூரா மிஷின் பக்கத்துலயா நிக்கப் போறா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், எங்கப்பா என்னைக் கூட்டிட்டு வந்தப்ப."

"ஏங்க, ஒண்ணும் தெரியாத பொண்ணுன்னு எழுதி வச்சுட்டா அது வாழ்நாளுக்கும் கூடவே வருமே. அதை யாரு அழிக்கிறது?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதனாலேயே இரண்டு பேருக்கும் கோபம் ஏறியது. நடுவில் உட்கார்ந்திருந்த சீவல் சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாளைக்கு டீச்சர் ரெண்டு தடவை கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்படியே சொல்லு என்று சொல்ல இப்போது அவளுக்கு வாய் வரவில்லை. மாற்றிச் சொல்லு என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. சாப்பிடு என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அந்தப் பிள்ளையைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விட்டுவிட்டோமே என்று தாய்க்கு மனசு அறுத்தது.

மறுநாள் போனார்கள். கட்டிங்காரர் வரவில்லை. அடுக்குக்காரி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப்போனாள். இந்தத் தடவை ஜன்னல் திறந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் பிள்ளையின் முதுகும் டீச்சரின் முகமும் தெரிந்தன. பிள்ளை எதைக் காட்டுகிறாள் என்பது தெரியவில்லை.

"பூனை எது?"

சீவல் கையை நீட்டினாள்.

"பூனை எது?"

சீவல் நாற்காலியை விட்டு இறங்கினாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்ன தேடுகிறாய் என்று டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டினாள். எங்கே நீட்டினாளோ! அடுக்குக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது, கேட்டதற்கு மேசைக்கு அடியில் போய்த் தேடுகிற பிள்ளையை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். நசுங்கிய விரல் விண்விண் என்று தெறித்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு இரண்டாம் கேள்விக்கும் சீவல் ஒரு தடவை குனிந்து கீழே பார்த்துக்கொண்டாள். பொத்தான்களை இரண்டு வரிசையாக வைத்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையா என்று கேட்டார் டீச்சர். ஒரு வரிசையை அகலப் பரப்பி வைத்து, இப்போதும் ஒரே எண்ணிக்கையா என்று திரும்பக் கேட்டார். குனிவாள், நிமிர்வாள், ஏதோ சொல்வாள். டீச்சர் எழுதுவார். டீச்சருடைய முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

வெளியே வந்த டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தார்.

"சேத்துக்கிட்டோம்மா. நல்லாவே புரியுது உங்க பொண்ணுக்கு. ஒண்ணு கூடத் தப்பில்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஏன் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறான்னுதான் எனக்குப் புரியலை."

எனக்கும் புரியவில்லை என்று சொல்லாமல் அடுக்குக்காரி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். நிஜமாகவா என்று கேட்க வாய் துடித்தது. ஒரு தடவை சொன்னதைத் திருப்பிக் கேட்டால் டீச்சர் தாளை வாங்கி இன்னொரு தடவை பார்த்துவிடுவாரோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். வழியில் பிள்ளைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். எதற்குக் குனிந்தாய் என்று கேட்டாள். சீவலுக்கு வாய் நிறைய பன்.

கடைக்குள் நுழைந்தபோது மின்சாரம் இல்லை. மிஷின் நின்றிருந்தது. எட்டு வாசல் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டிங்காரர் கத்தியைத் துடைக்கிற பாவனையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலையிலிருந்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார் என்று எட்டு பிறகு சொன்னார்.

"என்ன ஆச்சு?"

"சேத்துக்கிட்டாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சேத்துக்கிட்டாங்களா?"

அடுக்குக்காரியின் இரண்டு கையும் நெஞ்சுக்குப் போயின. ஓரடி பின்னால் போனாள். "இல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. பையைத் திறந்து, அந்தத் தாளைத் தேடி எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எட்டு டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சீவல் பன்னை விழுங்கிவிட்டு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பா சும்மா கேக்குறாரு. மிஷின் ஓடலை பாரு."

தாய் குனிந்து அவளைப் பார்த்தாள்.

"ஓடினாத்தான் இல்லன்னு சொல்லணும், நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. ஓடலேன்னா சும்மா கேக்குறது. அந்த டீச்சர் மேசைக்கு அடியில மோட்டாரே இல்லைம்மா. நான் நல்லாப் பாத்துட்டேன்."

கட்டிங்காரர் திரும்பி மிஷினைப் பார்த்தார். அடுக்குக்காரியும் பார்த்தாள். அது நின்றுதான் இருந்தது.